தொட்டிக்குள் இறங்கிய அண்ணனுக்கு

என் உயிரான சேகர் அண்ணா,

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீ உயிரோடு இருந்தபோதும் நான் எழுதியவள் இல்லை. பாசிர் கூடாங்கில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், யோங் பெங் தோட்டத்து வீட்டுக்கு நீதான் மாதம் தவறாமல் எழுதுவாய். பதில் போடச் சொல்லி அம்மா என் தலையில் குட்டுவாள். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று நான் தள்ளிப்போடுவேன். இப்போது எழுதுகிறேன். ஒரு மாதமாக ஒரு பயத்தைச் சுமந்துகொண்டு திரிகிறேன். இருப்பவர்களிடம் சொல்லப்போனால், “சும்மா யோசிக்காதீங்க லா” என்று என் வாயை மூடிவிடுகிறார்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அதை நீ அறிவாய் என்றுதான் நினைக்கிறேன். நான் தெப்ராவில் இருக்கிறேன். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு டோபிக் கடையில் வேலை. உன் மச்சான் சிங்கப்பூருக்கு லோரி ஓட்டுகிறார். நீ போகும்போது என் வயிற்றில் மூன்று மாதமாக இருந்தவள் லோஷினி. எனக்கு ஒரே பிள்ளை. இப்போது இருபத்து நான்கு வயது. உன்னைப் போலவே நெட்டை, உன்னைப் போலவே அவசரம்.

அவள் எங்கே வேலை செய்கிறாள் தெரியுமா? நீ வேலை செய்த அதே பாசிர் கூடாங்கில். தொழிற்சாலைகளின் எண்ணெய்த் தொட்டிகளை உள்ளே இறங்கிச் சுத்தம் செய்து கொடுக்கும் கம்பெனி. நான் எவ்வளவோ தடுத்துப் பார்த்தேன். “அம்மா, நான் உள்ளயே போக மாட்டேன். வாசல்ல நின்னு உள்ள இருக்கிறவங்களப் பாத்துக்கிறதுதான் என் வேலை. யார் உள்ள போனாங்க, யார் வெளிய வந்தாங்கன்னு எழுதணும். ரேடியோ கையில இருக்கும். அவ்வளவுதான்மா” என்றாள். அதைக் கேட்டு நான் ஆறுதல் அடைந்திருக்க வேண்டும். ஆனால் நீயும் அன்றைக்கு வெளியே நின்றவன்தானே அண்ணா?

இரண்டு மாதம் முன்பு வீட்டுக்கு வெள்ளை அடிக்க அலமாரியைக் காலி செய்தோம். அடித்தட்டில், அம்மாவின் சேலைகளுக்குக் கீழே, உன் வீடியோ டேப் இருந்தது. யோங் பெங் டவுனில் வாடகைக்கு எடுத்து, கடையையே மூடிவிட்டதால் நீ திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட அந்த அடிதடிப் படம். மேலே உன் கையெழுத்து, பச்சை மையில். லோஷினி பிடித்துக்கொண்டாள். “பார்த்தே ஆகணும்” என்றாள். அவளுடைய கம்பெனியில் மூத்த மேற்பார்வையாளர் ஒருவர் வீட்டில் வீடியோ பிளேயர் இன்னும் ஓடுகிறதாம். கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே நல்ல மழை. நானும் அவளும் தரையில் உட்கார்ந்தோம். படத்தில் மேலும் கீழும் கோடு ஓடியது. சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல வந்தது. ஆனாலும் முதல் பாட்டு தொடங்கியதும் எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வீட்டில் மட்டும்தான் வீடியோ இருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் தொங்குவோம். அந்தப் படத்தை நீ எத்தனை முறை பார்த்தாய் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. வசனம் வருவதற்கு முன்பே நீ சொல்லிவிடுவாய், கிராணி மனைவி திட்டுவார்.

லோஷினி விழுந்து விழுந்து சிரித்தாள். கொளுத்துகிற வெயிலில் கதாநாயகனுக்குத் தோல் ஜாக்கெட், கையில் கையுறை. வில்லனுக்குத் தங்க நிறத்தில் டோப்பா. மலைக்குள்ளே ஒரு குகை, அதில் நிறைய சிவப்பு விளக்குகள் அணைந்து அணைந்து எரிகின்றன. எதற்கு எரிகின்றன என்று யாருக்கும் தெரியாது. மாடியிலிருந்து ஒரு அடியாள் விழுகிறான், பாதியிலேயே அது துணிப்பொம்மை என்று தெரிந்துவிடுகிறது. “அலமாக், இதையா மாமா அத்தனை தடவை பார்த்தாரு?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். எவ்வளவு நாளாயிற்று, உன்னை நினைத்துச் சிரித்து!

பிறகு அந்தக் காட்சி வந்தது. அது வரும் என்பதை நான் எப்படி மறந்தேன்? கதாநாயகனின் நண்பனை வில்லன் பெரிய இரும்புத் தொட்டிக்குள் தள்ளிவிடுகிறான். உள்ளே பச்சைப் புகை. கதாநாயகன் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கில் கட்டிக்கொண்டு குதிக்கிறான். நண்பனைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வருகிறான். சீவிய தலைமுடி கலையவில்லை. நீ அப்பாவின் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஆட்டுக்கொட்டகைக் கூரையிலிருந்து குதிப்பாயே. நான்தான் உனக்கு மயங்கி விழுந்த நண்பன். “அசையாம கெட. செத்த மாதிரி படு. நான் வந்து தூக்குறேன்” என்பாய். தூக்கவும் தூக்குவாய்.

“பாருங்கம்மா, கர்ச்சீப்பு! கேஸ் டெஸ்ட் பண்ணல, கயிறு கட்டல, மேல ஆள் நிக்கல...” என்று எண்ணிக்கொண்டே வந்த லோஷினி என் முகத்தைப் பார்த்தாள். ரிமோட் இல்லாத பிளேயர். எழுந்துபோய்ப் படத்தை நிறுத்தினாள்.

“அம்மா. மாமா எப்படிச் செத்தாரு? சரியா சொல்லுங்க.”

வேலையிடத்தில் விபத்து என்று மட்டும்தான் அவளிடம் இருபது வருடமாகச் சொல்லி வைத்திருந்தேன். ஏன் மறைத்தேன் தெரியுமா? உன் படத்துக்கு மாலை போடும் ஒவ்வொரு வருடமும் சொந்தக்காரர்கள் வந்து, “கூட்டாளிக்காக உயிரையே கொடுத்த பிள்ளை” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தலையாட்டுவார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். எனக்கு அந்தப் பேச்சே பயம். இந்தப் பெண் அதைக் கேட்டு வளர்ந்தால் அவளும் ஒரு நாள் இறங்கிவிடுவாள் என்று பயம். அதனால் அந்த நாளில் மட்டும் இவளை அங்கே கூட்டிப்போனதே இல்லை.

அன்றைக்குச் சொன்னேன். உன்னோடு வேலை செய்த ரோஸ்லி தொட்டிக்குள் போனான், கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. நீ வெளியே நின்றாய். கழுத்தில் கிடந்த துண்டைத் தண்ணீரில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போனாய். உன்னையும் அவனையும் பக்கத்துப் பக்கத்தில், உயிரில்லாமல் எடுத்தார்கள். உன் கை அவன் சட்டையைப் பிடித்திருந்தது. அந்தக் கடைசி விஷயத்தை நான் அதுவரை வாய் திறந்து யாரிடமும் சொன்னதில்லை.

லோஷினி அழவில்லை. அதிகாரி மாதிரி கேள்வி கேட்டாள். “மாமாவ யாரும் புடிச்சு நிறுத்தலையா?” இல்லை. “உள்ள போனவர் இடுப்புல கயிறு இருந்துச்சா?” இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: “துண்டு, கர்ச்சீப்பு எதுவும் அந்த வாயுவத் தடுக்காதும்மா. ரெண்டு மூச்சு. அவ்வளவுதான் ஆயிருக்கும்.” அது எனக்குச் சொன்ன ஆறுதலா, இல்லை அவளுக்கே சொல்லிக்கொண்டதா?

பிறகு மிச்சப் படத்தை ஓடவிட்டாள். கதாநாயகன் நண்பனோடு வெளியே வந்ததும் குகையே வெடிக்கிறது, பின்னால் எக்காளம் முழங்குகிறது. நான் படத்தைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தேன். சிரிப்பை மறந்து முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். கிராணி வீட்டு ஜன்னலில் நீ பார்ப்பாயே, அதே பார்வை.

அடுத்த வாரங்களில் அவள் வேலைக்குக் கிளம்பும் ஒவ்வொரு காலையும் எனக்கு நரகம். கம்பெனி பஸ் ஆறு மணிக்கு வரும். “பசியாறிட்டுப் போ” என்று நேரத்தை இழுப்பேன். “தொட்டிக்குள்ள எட்டிக்கூடப் பார்க்காத” என்பேன். “எட்டிப் பார்க்கிறதுதான்மா என் வேலை” என்று சிரித்துக்கொண்டே ஓடுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கடையில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். வாடிக்கையாக வரும் சீன அம்மா ஒருவர், போனைப் பார்த்தபடியே, பாசிர் கூடாங்கில் ஏதோ கேஸ் விபத்தாம், தொட்டிக்குள் ஒரு ஆள் விழுந்துவிட்டாராம் என்றார். எந்தக் கம்பெனி என்று அதில் போடவில்லை. லோஷினியைக் கூப்பிட்டேன். வேலையிடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பத்தொன்பது முறை கூப்பிட்டேன்.

காடியை ஓட்டிக்கொண்டு அவள் வேலையிடத்துக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் எதைக் கும்பிட்டேன் என்று நினைவில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. சொல்லக் கூசுகிறது, ஆனாலும் உன்னிடம் சொல்கிறேன். உள்ளே விழுந்தவன் வேறு யாராகவாவது இருக்கட்டும் என்று வேண்டினேன். வேறு ஒரு அம்மாவின் பிள்ளையாக இருக்கட்டும் என்று.

வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா என்னை உள்ளே விடவில்லை. வயதான மலாய்க்காரர். லோஷினியின் பெயரைச் சொல்லி, உள்ளே விழுந்தது ஆணா பெண்ணா, அதையாவது சொல்லுங்கள் என்று கேட்டேன். தெரியாது என்று கையை விரித்தார். “சாபார், காக்” என்று, அக்கா முறை வைத்துப் பொறுமையாக இருக்கச் சொல்லி, தன் நாற்காலியையே தூக்கிவந்து போட்டார். நான் உட்காரவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் இதே ரோட்டில் இன்னொரு வாசலில் நானும் அப்பாவும் நின்றோம். வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் கையில் கோப்போடு வெளியே வந்து அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை.

ஓர் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வெளியே போயிற்று. உள்ளே யார் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில், அண்ணா, வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் கோப்போடு வெளியே வந்தார்.

நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். ஐம்பது வயதை எட்டப்போகும் பொம்பளை, நடுரோட்டில், சின்னப் பிள்ளை மாதிரி. ஜாகாதான் ஓடிவந்து என் கையை விலக்கி, “ஓக்கே, காக், ஓக்கே, அனாக் காக் ஓக்கே” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை, விசாரணைக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், வர நேரமாகும் என்று சொல்லத்தான் அந்த மனிதர் வந்திருக்கிறார்.

இரண்டு மணிக்கு வந்தாள். நடந்தே வந்தாள். உள்ளங்கை இரண்டிலும் கட்டு. காடியில் ஏறி உட்கார்ந்தாள், வீட்டுக்குக் கிளம்பினோம். பிறகு தானாகவே சொன்னாள்.

உள்ளே போனவன் ஹக்கிம், மூவார் ஊர்க்காரன், இவளை விட ஒரு வயது பெரியவன். போகும்போது காற்றுச் சோதனை சரியாகத்தான் இருந்ததாம். அடியில் கிடந்த சேற்றைக் கிளறியதும் ஏதோ கிளம்பியிருக்கிறது. கையை ஆட்டினான், பிறகு சரிந்துவிட்டான். இவள் ரேடியோவில் சொல்லி முடிப்பதற்குள், பக்கத்தில் நின்ற தினேஷ் தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டுத் தொட்டியின் திறப்புக்குள் நுழையப் போனானாம். ஹக்கிமும் அவனும் ஒரே அறையில் தங்கியிருக்கிறவர்கள். இவள் அவன் இடுப்பு வாரைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளி, திறப்புக்குக் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

“‘உனக்குப் பயம்னா நீ நில்லு, என்னை விடு’ன்னு கத்துனான்மா. கெட்ட வார்த்தையில திட்டுனான்.”

“நீ என்ன சொன்னே?”

“‘நீ போனா நான் ரெண்டு பேர இழுக்கணும். எனக்கு ரெண்டு கைதான் இருக்கு. கயித்தைப் புடி’ன்னேன்.”

ஹக்கிமின் இடுப்பில் கயிறு இருந்திருக்கிறது. இருவருமாக இழுத்துத் திறப்பு வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். அதற்குள் மூச்சுக்காற்று சிலிண்டரைச் சுமந்துகொண்டு மீட்புக்காரர்கள் வந்து தூக்கியிருக்கிறார்கள். இழுத்த வேகத்தில் இவளுடைய கையுறை கிழிந்து தோலும் உரிந்துவிட்டது.

நான் ஓட்டியபடியே ஒரு கையால் அவளுடைய கையைத் தடவிக்கொண்டே, நல்லவேளை சாமி, நல்லவேளை என்று முணுமுணுத்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அம்மா, தினேஷப் புடிக்கிறதுக்கு முன்னால நானே ஒரு கால உள்ள வச்சுட்டேன்.”

காடியை ஓரமாக நிறுத்திவிட்டேன். என்னால் ஓட்ட முடியவில்லை.

“அப்புறம்?”

“எடுத்துட்டேன்.”

“ஏன் எடுத்தே? நான் சொன்னது ஞாபகம் வந்துச்சா? மாமா ஞாபகம் வந்துச்சா?”

“தெரியலம்மா. வேலையில படிச்சுக் கொடுத்ததா, பயமான்னு தெரியல. யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன், தெரியல. நான் பயந்துட்டேனாம்மா?”

ஆமாம் என்றேன். “ஆமாண்டி, பயந்தே. நீ பயந்ததாலதான் மூணு பேரும் வெளிய இருக்கீங்க.” அவளுக்கு அது பிடித்ததா தெரியவில்லை.

ஹக்கிம் பிழைத்துவிட்டான். மூன்றாம் நாள் கண் விழித்தான். ஆஸ்பத்திரிக்கு நானும் லோஷினியும் போனோம். அவன் அம்மா எங்களை யாரென்று தெரிந்துகொண்டதும் லோஷினியின் இரண்டு கையையும் எடுத்து, கட்டுக்கு மேலேயே முகத்தை வைத்துக்கொண்டார். அன்றைக்கு ரோட்டில் நான் வேண்டிக்கொண்டது இந்தப் பெண்ணின் பிள்ளைக்கு எதிராகத்தானே? என்னால் அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. வராந்தாவில் தினேஷ் நின்றான். கீழே போய் மூன்று தே தாரிக் டீ வாங்கிவந்து, ஒன்றை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டான்.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்படியா அண்ணா? கையில் காயம் ஆறியதும் அவள் திரும்ப வேலைக்குப் போய்விட்டாள். நான் துணி மடிக்கும்போதும் சோறு வடிக்கும்போதும் அந்த ஒரு காலைத்தான் பார்க்கிறேன். சேற்று பூட்ஸ் போட்ட கால், இருட்டுக்குள்ளே. இந்த முறை எடுத்தாள். அடுத்த முறை எடுப்பாளா?

உன்னிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இத்தனை வருடம் கேட்கப் பயந்தேன். நீயும் முதலில் ஒரு காலைத்தானே வைத்திருப்பாய்? அந்த நேரம் உனக்குப் பயம் வந்ததா? வந்தும் வெட்கப்பட்டுக்கொண்டு போனாயா? வெளியே நின்றால் எல்லாரும் என்ன சொல்வார்கள் என்று நினைத்தாயா? இல்லை, ரோஸ்லியைத் தவிர எதுவுமே உன் கண்ணுக்குத் தெரியவில்லையா? அந்தப் படத்தை நான் இத்தனை வருடம் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். மறுபடி பார்த்த பிறகு அதன் மேல் கோபம் வரவில்லை. டோப்பா வைத்த வில்லனும் துணிப்பொம்மையும் ஒரு ஆளைக் கொன்றுவிட முடியுமா? நீ நல்லவனாக இருந்தாய், யாரும் உன்னைப் பிடித்து நிறுத்தவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

போன வாரம் லோஷினி ஒன்று கேட்டாள். அவர்கள் கம்பெனியில் வேலை தொடங்குவதற்கு முன்னால் எல்லாரையும் நிற்கவைத்துப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவார்களாம். “யாராவது பேப்பர் பார்த்துப் படிப்பாங்க, யாரும் கேக்க மாட்டாங்கம்மா. நீங்க வந்து மாமாவப் பத்திச் சொல்லுங்க.” முடியவே முடியாது என்றேன். நாற்பது ஆம்பிளைகள் முன்னால் நான் எதைப் பேச? கல்யாண வீட்டில் நன்றி சொல்லக்கூட எனக்கு நாக்கு குழறும். அவள் வற்புறுத்தவில்லை. “தினேஷும் அங்கதான் நிப்பான்” என்று மட்டும் சொன்னாள்.

போகிறேன் என்று நேற்றுச் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை காலை.

என்ன பேசுவேன் என்று உனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நீ வருத்தப்படக் கூடாது. என் அண்ணன் பெயர் சேகர் என்று தொடங்குவேன். நல்ல பிள்ளை, சிரிக்கவைப்பான், கூட்டாளியை விட்டுக்கொடுக்க மாட்டான் என்பேன். துண்டை நனைத்துக் கட்டியதையும் சொல்வேன், ரோஸ்லியின் சட்டையைப் பிடித்திருந்த உன் கையையும் சொல்வேன். அவன் வெளியே நின்று சத்தம் போட்டிருந்தால், பயந்து ஓடியிருந்தால்கூட, இன்றைக்கு அவனுக்கு ஐம்பத்து மூன்று வயது என்பேன். குரல் நடுங்கும், அழுதாலும் அழுவேன். ஆனால் பாதியில் நிறுத்த மாட்டேன். அங்கே நிற்கும் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒருத்தி போனைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்கிறாள் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். இது உன்மேல் ஆணை.

உன் கூடப் பிறந்தவள்,
கோமதி
தெப்ராவ், ஜொகூர்